அவசர வழி சீட்டுக்கு விலை என்ன?

விமான டிக்கெட் போடும்போது கடைசியில் ஒரு சீட் படம் வரும். அதில் பெரும்பாலும் இறக்கைக்கு நேராக ஒன்றிரண்டு வரிசைகள் மட்டும் தனி நிறத்தில் இருக்கும். கால் நீட்ட இடம் அதிகம், ஆகவே காசும் அதிகம். சரி, கொடுத்துத் தொலைப்போம் என்று க்ளிக் செய்தால் உடனே ஒரு பெட்டி திறக்கும். உங்களுக்குக் குறைந்தபட்ச வயது ஆகிவிட்டதா? கை கால் திடமாக இருக்கிறதா? கைக்குழந்தை கூட வருகிறதா? ஆபத்து என்றால் கதவைத் திறந்து உதவச் சம்மதமா? எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு டிக்.

காமர்ஸ் படிக்கிறவன் கண்ணுக்கு இது ரொம்ப விசித்திரமான வியாபாரம். ஹோட்டலில் ஏ.சி. அறைக்குக் கூடுதல் காசு வாங்குவார்கள். ஆனால் "தீப்பிடித்தால் நீங்கள்தான் கதவைத் திறக்கணும்" என்று நிபந்தனை போட மாட்டார்கள். இங்கே வாங்குகிறவர் காசும் கொடுக்கிறார், வேலையும் ஏற்றுக்கொள்கிறார்.

இந்த விலையும் நிபந்தனையும் சேர்ந்து பிறந்தவை இல்லை. முதலில் அந்த இடைவெளி வந்தது. அடுத்து, அங்கே யார் உட்காரலாம் என்ற சட்டம். விலைச் சீட்டு கடைசியில்தான் ஒட்டப்பட்டது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மான்செஸ்டர், 1985

1985 ஆகஸ்ட் 22, காலை நேரம். இங்கிலாந்தின் மான்செஸ்டரிலிருந்து கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்கு ஒரு போயிங் 737 கிளம்புகிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸின் துணை நிறுவனமான பிரிட்டிஷ் ஏர்டூர்ஸின் விமானம். ஊழியர்களையும் சேர்த்து 137 பேர். ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போதே இடது எஞ்சினில் பெரிய சத்தம். எஞ்சினிலிருந்து பெயர்ந்த துண்டு இறக்கையில் இருந்த எரிபொருள் தொட்டியின் மூடியை உடைத்துவிட்டது. விமானிகள் புறப்பாட்டைக் கைவிட்டு விமானத்தை நிறுத்திவிட்டார்கள். அது தரையை விட்டு எழும்பவே இல்லை. தீயணைப்பு வண்டிகள் கூப்பிடும் தூரத்தில். அப்படியும் 55 பேர் இறந்துபோனார்கள்.

அதில் 48 பேரைக் கொன்றது நெருப்பு இல்லை, புகை. வெளியே போக முடியாமல் உள்ளேயே மூச்சு முட்டி இறந்தவர்கள்.

ஏன் போக முடியவில்லை? இடது பக்கம் முழுக்கத் தீ. இறக்கை மேல் இறங்க வலது பக்கக் கதவு ஒன்றுதான் மிச்சம். அதன் பக்கத்தில் இருந்த பயணி பதற்றத்தில் கைப்பிடி என்று நினைத்து, சீட்டின் கை வைக்கும் கட்டையைப் பிடித்து இழுத்தார். கூட இருந்தவர் எழுந்து சரியான கைப்பிடியை இழுத்தார். கதவு உள்பக்கமாகக் கழன்று விழும் வகை. சுமார் 22 கிலோ எடை. ஜன்னலோரம் இருந்தவர் மடியிலேயே விழுந்து அவரை அழுத்திவிட்டது. பின் வரிசையில் இருந்தவர் அதைத் தூக்கி அப்பால் போட்ட பிறகுதான் வழி கிடைத்தது. விமானம் நின்று ஏறக்குறைய 45 விநாடிகள் போய்விட்டன. புகை நிறைந்த விமானத்தில் 45 விநாடி என்பது ஒரு யுகம்.

அந்தக் கதவை இப்படித் திறக்கணும் என்று அங்கே இருந்த பயணிக்கு யாரும் தனியாகச் சொல்லித் தந்திருக்கவில்லை. அப்போது அது இன்னொரு சீட், அவ்வளவுதான்.

1986-லேயே பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் ஒரு உத்தரவு போட்டது. அவசர வழியை ஒட்டிய சீட்டை எடுத்துவிட வேண்டும், அல்லது அங்கே வரிசைகளுக்கு நடுவில் குறைந்தது 10 அங்குல இடைவெளி விட வேண்டும். அமெரிக்காவும் 1992-ல் தன் பங்குக்கு ஒரு விதி கொண்டுவந்தது. மூன்று சீட் கொண்ட வரிசை என்றால் கதவுக்குப் போகும் பாதை 20 அங்குலம் இருக்க வேண்டும் என்றது. இன்று "எக்ஸ்ட்ரா லெக் ரூம்" என்று விற்கிறார்களே, அந்த இடத்தின் பூர்வீகம் இதுதான். கால் நீட்டுவதற்காக விட்ட இடம் இல்லை. மற்றவர்கள் ஓடுவதற்காக விட்ட பாதை.

ஐந்து பவுண்டு சோதனை

இந்த இடைவெளி எவ்வளவு இருந்தால் போதும் என்று கண்டுபிடிக்க, இங்கிலாந்தின் க்ரான்ஃபீல்ட் கல்லூரியில் ஹெலன் மியூர் என்ற உளவியலாளர் சோதனைகள் நடத்தினார். அங்கே நிறுத்தி வைத்திருந்த ஒரு பழைய ட்ரைடென்ட் விமானத்தில் ஆட்களை உட்கார வைத்து, வெளியேறச் சொல்லி நேரம் பார்த்தார்.

முதலில் ஒரு சிக்கல். சோதனை என்று தெரிந்ததால் எல்லோரும் "நீங்க முதல்ல போங்க" என்கிற மாதிரி மரியாதையாக வரிசையில் இறங்கினார்கள். நிஜ விபத்தில் அப்படியா நடக்கும்? அதனால் மியூர் பணத்தை உள்ளே கொண்டுவந்தார். முதலில் வெளியேறும் பாதிப் பேருக்கு மட்டும் 5 பவுண்டு போனஸ். அவ்வளவுதான், காட்சியே மாறிவிட்டது. சீட் மேல் ஏறித் தாண்டினார்கள், முண்டியடித்தார்கள், கதவில் சிக்கிக்கொண்டார்கள். நிஜ விபத்தில் தப்பியவர்கள் சொன்னதற்கும் இதற்கும் நிறைய ஒற்றுமை இருந்தது.

நம் பாடப் புத்தகத்தில் ஊக்கத்தொகை என்று நாலு பக்கம் வரும். அதை இவ்வளவு தெளிவாக விளக்கிய சோதனையை நான் வேறெங்கும் படித்ததில்லை. சின்னத் தொகைதான், ஆனால் மனிதன் நடந்துகொள்ளும் விதத்தையே மாற்றிவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

யார் உட்காரலாம்?

அமெரிக்காவில் இதே காலத்தில் வேறு ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. பார்வையற்ற பயணிகளை அவசர வழி வரிசையில் உட்கார விடக்கூடாது என்று சில விமான நிறுவனங்கள் தாங்களாகவே விதி வைத்திருந்தன. 1980-களில், எழுந்து வேறு சீட்டுக்குப் போக மறுத்த பார்வையற்றவர்களைப் போலீஸை வைத்து இறக்கிய சம்பவங்களும் நடந்தன. 1986-ல் அமெரிக்க நாடாளுமன்றம், மாற்றுத் திறனாளிகளிடம் விமான நிறுவனங்கள் பாரபட்சம் காட்டக் கூடாது என்று சட்டம் போட்டது. அதற்குப் பிறகும் இந்தச் சீட் தகராறு ஓயவில்லை.

அங்கே உள்ள பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு வைத்த வாதம் லேசாகத் தள்ளக்கூடியது இல்லை. புகை சூழ்ந்துவிட்டால் கண் இருப்பவருக்கும் ஒன்றும் தெரியாது. இருட்டில் தடவிப் பார்த்துக் கதவைக் கண்டுபிடிப்பது எங்களுக்குப் பழகிய வேலை. அதே வரிசையில் உட்கார்ந்து மது குடிக்கிறவரை நீங்கள் எழுப்புவதில்லையே, எங்களை மட்டும் ஏன்? இதுதான் அவர்கள் கேள்வி.

எதிர்த்தரப்பு சொன்னது இது. கதவைத் திறப்பதற்கு முன்னால் ஜன்னல் வழியாக வெளியே தீ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறக்கையிலிருந்து இறங்கும் பக்கம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கண் தேவை.

கடைசியில் 1990 மார்ச் 6 அன்று அமெரிக்க அரசிதழில் இரண்டு விதிகள் ஒரே நாளில் வெளியாயின. ஒன்று, மாற்றுத் திறனாளிப் பயணிகளின் உரிமைக்கானது. இன்னொன்று, விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. கொண்டுவந்த அவசர வழி சீட் விதி. ஒரு கையால் உரிமை கொடுத்து, மறு கையால் ஒரே ஒரு வரிசையை மட்டும் விலக்கி வைத்தார்கள். பார்வையற்றவர்களுக்கு அந்த வரிசையிலும் இடம் கேட்டு செனட்டில் வந்த மசோதா நிறைவேறவில்லை.

அந்த விதியின் சாரம் இது. வயது 15-க்குக் குறையக் கூடாது. கதவை எட்ட, தள்ள, இழுக்க, தூக்கக் கையிலும் காலிலும் பலம் வேண்டும். கண்ணாடி போட்டாவது பார்க்க வேண்டும், கருவி வைத்தாவது கேட்க வேண்டும். நிறுவனம் பயன்படுத்தும் மொழியில் குறிப்புகள் புரிய வேண்டும். மற்றவர்களுக்கு வாயால் தகவல் சொல்லத் தெரிய வேண்டும். கவனித்துக்கொள்ள வேண்டிய சிறு குழந்தை கூட இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவருக்கு இந்த வேலையைச் செய்யச் சம்மதம் இருக்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஷரத்து ஒன்று உண்டு. அங்கே உட்கார்ந்தவர் "எனக்கு வேறு சீட் கொடுங்கள்" என்று கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஏன் என்று காரணம் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. முதுகு வலியோ, பயமோ, வெளியே சொல்ல விரும்பாத நோயோ, அது அவர் விஷயம். ஆக, இந்த விதி முழுக்க முழுக்க ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. தன்னால் முடியாது என்றால் பயணியே சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை.

லாஸ் ஏஞ்சலிஸ், 1991

விதி வந்த அடுத்த வருடமே பரீட்சை. 1991 பிப்ரவரி 1, இரவு. லாஸ் ஏஞ்சலிஸில் தரையிறங்கிய யு.எஸ்.ஏர் 737, ஓடுபாதையில் நின்றிருந்த ஒரு சின்ன விமானத்தின் மேல் மோதியது. இரண்டிலும் சேர்த்து 35 பேர் பலி. பெரிய விமானத்தில் மோதலில் தப்பிய பலர் புகையில் இறந்தார்கள்.

விசாரணையில் தெரியவந்த விஷயங்கள் இவை. வலது அவசர வழியை ஒட்டி இருந்த பயணி பயத்தில் உறைந்துபோனார். பின் வரிசைக்காரர் சீட் மேல் ஏறி வந்துதான் கதவைத் திறந்தார். அந்த வழியிலேயே இரண்டு ஆண்களுக்குள் சில விநாடிகள் கைகலப்பும் நடந்தது.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. அவசர வழி வரிசையில் இருந்த ஒரு இளைஞர் ரொம்பச் சின்னப் பையனாகத் தெரிந்ததால், புறப்படும் முன் விமானப் பணிப்பெண் அவரிடம் பேசி, கதவை எப்படித் திறக்க வேண்டும் என்று விளக்கியிருந்தார். அக்கம்பக்கத்தில் அதைக் காதில் வாங்கியவர்கள், தப்பிக்கும்போது அந்தப் பேச்சு உதவியது என்று சொன்னார்கள். ஒரு ஊழியர் நேரில் பார்த்துப் பேசிய ஒரு நிமிடத்தின் மதிப்பு அது.

விலைச் சீட்டு

அதுவரை அந்த வரிசைக்குத் தனி விலை இல்லை. விமான நிலைய கவுன்ட்டரில் இருக்கும் ஊழியர், ஆளைப் பார்த்து, உயரமானவராக இருந்தால் போனால் போகிறதென்று கொடுப்பார். அல்லது அடிக்கடி பறக்கும் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும். 1999-ல் யுனைடெட் நிறுவனம் கூடுதல் இடமுள்ள வரிசைகளை எகானமி பிளஸ் என்று தனியாகப் பிரித்தபோது, கால் நீட்டும் இடத்துக்கு ஒரு சந்தை இருக்கிறது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

2005 செப்டம்பரில் அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. 2006 மார்ச்சில் அவசர வழி சீட்டுக்கும் சில நடைபாதை ஓரச் சீட்டுகளுக்கும் 15 டாலர் என்று அறிவித்தது. 2008-ல் எரிபொருள் விலை ஏறியதும் பெட்டிக்குக் காசு, சீட்டுக்குக் காசு என்று மற்றவர்களும் இறங்கினார்கள். 2009-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸும் அவசர வழி சீட்டைக் காசுக்கு விற்க ஆரம்பித்தது. மான்செஸ்டரில் எரிந்தது அதன் துணை நிறுவனத்தின் விமானம் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தியாவிலும் 2013-ல் டி.ஜி.சி.ஏ. விருப்ப இருக்கைக்குத் தனிக் கட்டணம் வாங்க அனுமதி கொடுத்தது.

வியாபாரக் கணக்கில் இது அருமையான வருமானம். புதிதாகச் செலவே இல்லை. பாதுகாப்பு விதிக்காக எப்படியும் விட்டாக வேண்டிய இடத்தை விற்கிறார்கள். ஆனால் அந்த 5 பவுண்டை இப்போது ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

காசு வந்ததும் இரண்டு விஷயம் மாறியது. முதலாவது, ஆளைப் பார்த்துக் கொடுத்த சீட்டு, ஆளைப் பார்க்காமலே போக ஆரம்பித்தது. கம்ப்யூட்டரில் டிக் அடிப்பவரின் கையில் பலம் இருக்கிறதா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. விமானம் நகரும் முன் ஊழியர் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறதுதான். ஆனால் கடைசி நேரத்தில், காசு கட்டியவரை எழுப்புவது சங்கடமான வேலை.

இரண்டாவதுதான் முக்கியம். பல நிறுவனங்களின் நிபந்தனைப்படி, தகுதியில்லாமல் அங்கே சீட் வாங்கி, பிறகு மாற்றப்பட்டால் கட்டணம் திரும்ப வராது. காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம் என்று 1990 விதி கொடுத்த சுதந்திரத்துக்கு இப்போது ஒரு விலை வந்துவிட்டது. பணம் கட்டியவர் "என்னால் முடியாது" என்று சொல்வாரா, தலையை மட்டும் ஆட்டுவாரா? ஹெலன் மியூரைக் கேட்டால் பதில் கிடைத்திருக்கும்.

பணம் கட்டியவர்கள் எல்லாம் பொய் சொல்கிறார்கள் என்பது என் வாதம் இல்லை. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் நதியில் விமானம் இறங்கியபோது, இறக்கை மேல் உள்ள அவசர வழிகளைத் திறந்தவர்கள் பயணிகள்தான். 155 பேரும் பிழைத்தார்கள். சாதாரண மனிதர்களால் முடியும். ஆனால் அங்கே உட்கார்ந்தவர் அந்த வேலைக்கு மனதளவில் தயாராக இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2022 டிசம்பர் 10 அன்று சென்னையில், திருச்சிக்குப் புறப்பட இருந்த விமானத்தின் அவசரக் கதவை ஒரு பயணி தவறுதலாகத் திறந்துவிட்டார். விமானம் தரையில் நின்றதால் ஆபத்தில்லை. 2023 மே 26 அன்று தென் கொரியாவின் டேகு நகரில் ஏசியானா விமானம் தரையிறங்கும் முன்பே, சுமார் 200 மீட்டர் உயரத்தில், ஒரு பயணி கதவைத் திறந்தார். அவர் சீட்டில் உட்கார்ந்தபடியே கைப்பிடி எட்டியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

அடுத்து கொரியாவில் நடந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. ஏசியானா அந்த வகை விமானங்களில் அந்தச் சீட்டை விற்பதையே இரண்டு நாளில் நிறுத்தியது. ஜூலை 2023-ல் அரசு, இப்படிப்பட்ட சீட்டுகளைத் தீயணைப்பு வீரர், போலீஸ், ராணுவத்தினர், விமான ஊழியர்களுக்கு முதலில் கொடுக்கும் ஏற்பாட்டை அறிவித்தது. "யார் அதிகம் கொடுப்பார்" என்ற கேள்வியிலிருந்து "யார் சரியான ஆள்" என்ற பழைய கேள்விக்கே திரும்பி வந்துவிட்டார்கள்.

எல்லா நாடும் அதைச் செய்ய முடியாது. விமான நிறுவனம் பிழைக்கக் காசு வேண்டும், அதுவும் புரிகிறது. கட்டணம் வாங்கட்டும். ஆனால் விமானத்தில் ஏறிய பிறகு "எனக்கு வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், கேள்வி கேட்காமல் சீட்டையும் மாற்றி, காசையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். விமானம் முழுக்க இருப்பவர்களின் உயிருக்கு அந்த ஒரு நிறுவனம் கட்டும் இன்சூரன்ஸ் பிரீமியம் என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிட மலிவான பிரீமியம் எனக்குத் தெரிந்து கிடையாது.

நீங்கள் அந்த வரிசையில் உட்கார்ந்தால், பணிப்பெண் வந்து "சம்மதமா?" என்று கேட்கும்போது காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். கதவின் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று ஒரு முறை கண்ணால் பாருங்கள். 1985-ல் அந்தப் பயணிக்குக் கிடைக்காத ஒரு நிமிடம் அது.