கம்பியில்லா இணையம் (தொட்டியம் வட்டாரம்)

காவிரியின் வடகரையில் வாழைத்தோட்டங்கள் சூழ அமைந்த தொட்டியம் போன்ற ஊர்களில், கம்பியில்லா இணையம் என்பது ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படும் இரு அமைப்புகளைக் குறிக்கிறது. ஒன்று, வீட்டுக்குள் கம்பிவழி வந்த இணைப்பை ரவுட்டர் என்னும் பகிர்வுக் கருவி 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்சு அலைகளில் பரப்பும் வைஃபை. மற்றொன்று, செல்பேசிக் கோபுரத்திலிருந்து நேரே வரும் 4ஜி, 5ஜி அலைவரிசை.

தமிழகத்தில் இதற்கு முன்னோடியாக, சென்னை ஐ.ஐ.டி. 1990களில் மைடாஸ் நிறுவனத்துடன் உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறை விளங்கியது. கோபுரத்துக்கும் வீட்டு உணர்கொம்புக்கும் இடையே மறைப்பற்ற பார்வைக்கோடு வேண்டிய இம்முறை, நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகமே தந்தபோதிலும், கிராமப்புற இணைய நிலையங்களைச் சாத்தியமாக்கியது. இன்றைய வேகக் கணக்கால் அதனை எடைபோடுவது முறையன்று.

2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி தொடங்கியபின், 2023இல் ஏர்ஃபைபர் எனும் பெயரில் விற்பனைக்கு வந்த நிலையான கம்பியில்லாச் சேவை, கூரையில் பொருத்தும் ஏற்பியின் வழியே கோபுர அலையைப் பெற்று வீட்டுக்குள் வைஃபையாக மாற்றுகிறது. அதிர்வெண் கூடக்கூட அலை சுவராலும் ஈர இலைகளாலும் எளிதில் வலுவிழப்பதால், அடர்ந்த தோப்புகளுக்கு நடுவிலுள்ள வீடுகளில் ஏற்பியை உயரத்தில் வைப்பதே பயன் தரும். கண்ணாடியிழைக் கம்பி எட்டும் தெருவிலோ அதுவே மேலானது.

பயணத்தில் மடிக்கணினிக்கு இணைப்புப் பெற, செல்பேசியை ஹாட்ஸ்பாட்டாக்குவது, சிம் பொருத்திய டாங்கிள், சிறு கையடக்க ரவுட்டர் ஆகியவை உதவும். தொட்டியத்தில் ரயில் நிலையம் இல்லாமையால், ரயில்வேயின் ரயில்டெல் நிறுவனம் தரும் நிலைய வைஃபை, அச்சேவையுள்ள வேறு ஊர் நிலையத்தை அடைவோர்க்கே கிட்டும். பொதுவெளி இணைப்புகளில் வங்கிப் பரிமாற்றம் செய்வது தவிர்க்கத்தக்கது.