மடத்து அடுக்களையும் பலிபீடமும்

கைத்தொழில் அடிமைகளுக்கே உரியதென்று ரோமானியப் பிரபுக்கள் எண்ணியிருந்த இத்தாலி தேசத்தில், ஏறக்குறைய கி.பி. 529-இல் மோன்டே காசினோ மலைமீது மடம் நிறுவிய புனித ஆசீர்வாதப்பர், தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்குநூலின் 48-ஆம் அதிகாரத்தில், சோம்பலை ஆன்மாவின் பகையாகக் கண்டு, உடலுழைப்புக்கும் வேத வாசிப்புக்கும் தனித்தனியே நேரம் ஒதுக்கியது ஐரோப்பிய சரித்திரத்தில் மகத்தான திருப்பமாகும். எகிப்தியப் பாலைவனத் துறவிகள் அதற்கு முன்பே ஓலைக்கூடை முடைந்து ஜீவித்தவர்கள்தாம். ஆசீர்வாதப்பரோ அவ்வழக்கத்தைச் சட்டமாக்கினார்.

ஆயினும் என் உள்ளத்தை மிகவும் கவர்வன அந்நூலின் அடுக்களை விதிகளே. முறைவைத்துப் பணிசெய்த சகோதரர், தம் வாரம் முடியும் சனிக்கிழமையன்று, மற்றவர்கள் கைகால் துடைத்த துணிகளைத் துவைத்து, அடுத்த வாரத்துக்குரியவரோடு சேர்ந்து எல்லோருடைய பாதங்களையும் கழுவி, பாத்திரங்களைப் பழுதின்றிப் பண்டசாலைப் பொறுப்பாளரிடம் ஒப்புவிக்க வேண்டும். அவரோ மடத்துச் சாமான்கள் யாவற்றையும், மண்வெட்டியாயினும் குடமாயினும், பலிபீடத்துத் திருப்பாத்திரங்களைப் போலவே பேணக் கடமைப்பட்டவர். தன் திறமையால் மடத்துக்கு இலாபமென்று கர்வங்கொண்ட கைவினைஞன் அத்தொழிலினின்று விலக்கப்படுவான். மடத்துக் கைவினைஞர் செய்த பொருள்களும் வெளியார் விலையினும் சற்றுக் குறைத்தே விற்கப்பட வேண்டும்.

1098-இல் பிரான்சின் சீத்தோவில் தோன்றிய சிஸ்டர்சிய சபை, இவ்வொழுங்கைத் தூய வடிவில் மீட்கவே புறப்பட்டது. ஆனால் அதன் விஸ்தாரமான பண்ணைகளைப் பெரிதும் உழுதவர்கள், மடாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையற்று, ஆலயத்திலும் தனியிடத்தில் அமர்த்தப்பட்ட பொதுநிலைச் சகோதரர்களே. துறவியருக்கும் இச்சகோதரர்களுக்கும் இடையிலான இவ்வேற்றுமை ஆசீர்வாதப்பரின் கருத்துக்கு முற்றிலும் முரணானது என்பதே என் துணிபு.