பிரின்ஸ் ஆஃப் த சிட்டி

1981-ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம். இயக்குநர் சிட்னி லூமெட். நியூயார்க் நகரப் போலீஸின் போதைப்பொருள் தடுப்புப் பிரிவில் துப்பறிவாளராயிருந்து, சக அதிகாரிகளின் ஊழலை விசாரணையாளருக்கு வெளிப்படுத்திய ராபர்ட் லூசியின் அநுபவங்களைப் பற்றி ராபர்ட் டேலி 1978-இல் எழுதிய நூலே இதற்கு ஆதாரம். ஜே பிரெஸ்ஸன் ஆலனும் லூமெட்டும் இணைந்து இயற்றிய திரைக்கதை ஆஸ்கர் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

கூட்டாளிகள் எவரையும் காட்டிக்கொடுப்பதில்லை என்ற நிபந்தனையுடன் சாட்சியாக முன்வரும், லூசியின் திரை வடிவமான டேனியல் சியெல்லோ (ட்ரீட் வில்லியம்ஸ்), ஒவ்வொரு வாக்குமூலமும் அடுத்ததைக் கட்டாயமாக்க, இறுதியில் தன் ஆப்த நண்பர்களையே சட்டத்தின் கையில் ஒப்படைக்கும் பரிதாப நிலையை எய்துகிறான். தனக்குத் துப்புத் தரும், போதைக்கு அடிமைப்பட்ட ஒருவனின் வேதனையைத் தணிக்க, சியெல்லோ கொட்டும் மழையில் அலைந்து மற்றொருவனிடமிருந்து போதைப்பொருளைப் பறித்துவரும் காட்சியில், கருணையும் அக்கிரமமும் ஒரே செயலாகிவிடுவதைக் காண்கிறோம்.

சாதாரணக் கண்பார்வைக்கு நெருங்கிய லென்ஸ்களை லூமெட் விலக்கி, அகன்றவற்றையும் நீண்டவற்றையுமே கையாண்டமையால், இடங்களின் தூரமே ஐயத்துக்குரியதாகிறது. 167 நிமிட நீளமுள்ள இப்படம், அதே இயக்குநரின் ‘செர்பிகோ’ (1973) அடைந்த கீர்த்தியை அடையவில்லை. எனினும், நேர்மையாளன், துரோகி என்னும் பிரிவினையை எளிதாக்க மறுக்கும் தர்ம விசாரத்தால், போலீஸ் வாழ்வைச் சித்திரிக்கும் படங்களுள் அதற்கு உயர்ந்த ஸ்தானம் உரியது.