உருகுநிலை காணல்

படிகத் திண்மம் ஒன்று உருகத் தொடங்கும் வெப்பநிலையையும் அது முழுவதும் தெளிந்த திரவமாகும் வெப்பநிலையையும் ஆய்வகத்தில் சேர்த்தே குறிப்பர். தூய பொருளில் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வீச்சு ஏறத்தாழ ஒரு பாகைக்குள் அடங்கும். நாப்தலீன் 80 பாகை செல்சியசிலும் பென்சாயிக் அமிலம் 122 பாகையிலும் உருகும். மாசு கலந்திருந்தால் உருகல் முன்னதாகவே தொடங்கும், வீச்சும் அகலும்.

கரிம வேதியியலில் நுண்குழாய் முறையே பெருவழக்கு. சுமார் 1 மி.மீ. விட்டமுள்ள மெல்லிய கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுடரில் காட்டி மூடுவர். நன்கு உலர்த்திப் பொடித்த பொருளை அதனுள் 2 முதல் 3 மி.மீ. உயரத்துக்குத் தட்டி இறுக்குவர். பொடியில் தங்கிய ஈரமும் மாசுதான். பொருள் இருக்கும் முனை வெப்பமானியின் குமிழை ஒட்டி நிற்குமாறு குழாயை ரப்பர் வளையத்தால் பிணைப்பர். வளையம், குழாயை இறக்கப்போகும் எண்ணெயின் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

இவற்றைத் திரவ பாரஃபின் என்னும் எண்ணெய் நிரப்பிய தீலே குழாயில் இறக்குவர். ஜெர்மானிய வேதியியலர் யொகான்னஸ் தீலே வடிவமைத்த இக்கலத்தின் பக்கவாட்டில் வளைந்த கை ஒன்று உண்டு. அந்தக் கையைச் சூடாக்கினால் எண்ணெய் தானாகவே சுழன்று, கலக்காமலேயே வெப்பம் சீராகப் பரவும். எளிமையான, ஆனால் கூர்மையான ஏற்பாடு இது.

பெரும்பாலான பிழைகள் அவசரத்தால் நேர்பவை. உருகுநிலையை நெருங்கும்போது நிமிடத்துக்கு 1 முதல் 2 பாகைக்கு மேல் வெப்பம் ஏறக் கூடாது. ஏறினால் வெப்பமானி காட்டுவது ஒன்று, பொருளின் வெப்பநிலை வேறு. உருகுநிலை தெரியாத பொருளாயின் முதலில் விரைவாகச் சூடாக்கித் தோராய மதிப்பை அறிந்து, பிறகு புதிய மாதிரியை நிதானமாக அளப்பர். ஒருமுறை உருகிய மாதிரி சிதைந்திருக்கலாம். வேறு படிக வடிவமும் பெற்றிருக்கலாம்.

யூரியா, சின்னமிக் அமிலம் இரண்டுமே 133 பாகையை ஒட்டி உருகுபவை. பார்வைக்கும் இரண்டும் வெண்படிகங்கள். எண்ணை மட்டும் நம்பினால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ள நேரும். ஐயத்துக்குரிய பொருளுடன் தூய யூரியாவைக் கலந்து அளந்தால் விடை கிடைக்கும்: உருகுநிலை மாறாவிடில் அது யூரியா, பல பாகை இறங்கினால் வேறு பொருள். கலப்பு உருகுநிலைச் சோதனை எனப்படும் இது, நிறமாலைக் கருவிகள் பரவுவதற்கு முன் வேதியியலருக்குப் பெருந்துணையாக இருந்தது.

சர்க்கரை போன்றவை உருகும்போதே பழுப்பேறிச் சிதைவதால் அவற்றுக்கு இம்முறை நம்பகமானதன்று. இன்று மின்னால் சூடேறும் கருவிகளே மிகுதி. அவற்றையும் உருகுநிலை தெரிந்த தூய பொருள்களைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். முடிவை 132–133 பாகை என்பது போல இரு எண்களாகப் பதிவதே முறை. ஒற்றை எண்ணாகப் பதிந்தால் பொருளின் தூய்மையை அதிலிருந்து அறிய இயலாது.