அம்பாசடர் கதவின் உள்பக்கம்

பழைய அம்பாசடரை விலை பேச வருகிறவர் எஞ்சினை உறுமவிட்டுக் கேட்பார், குனிந்து அடித்தட்டில் துரு தேடுவார். கதவின் உள்பக்கம் ரெக்சின் போர்த்திய பலகையை, குஷன் கடைக்காரர்கள் ‘டோர் பேட்’ என்கிற அதை, அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால் புதுச்சேரி போன்ற கடலோர ஊரில் காரின் வயதை ஒளிக்காமல் சொல்வது அந்தப் பலகைதான்.

வண்டிக்கு மெத்தை தைக்கும் வேலை இந்த ஊருக்குப் புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கே மெத்தை இருக்கை போட்ட ‘பூஸ்-பூஸ்’ வண்டிகள் ஓடின. உட்கார்ந்திருப்பவர் கைக்கம்பியைப் பிடித்துத் திசை திருப்புவார், பின்னாலிருந்து ஆள் தள்ளுவார். தோலுக்கும் இந்த ஊரோடு உறவு உண்டு. 1840 வாக்கில் சென்னை வட்டாரத்தில் தோல் பதனிடுதலைச் சீர்திருத்தியவர் புதுச்சேரியைச் சேர்ந்த சார்லஸ் டி சூசா என்று அத்தொழிலின் பழைய குறிப்புகள் சொல்கின்றன. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காயில் முடித்த அந்தத் தோல் கப்பலேறி இங்கிலாந்து போனது. அதே இங்கிலாந்திலிருந்துதான் பிற்பாடு தோலுக்கு மாற்றாக ரெக்சின் வந்து சேர்ந்தது.

மெத்தை தைக்கும் திறமைக்குக் கார்களில் இவ்வளவு வேலை கிடைத்ததற்கு அரசின் கொள்கையே காரணம். பாகங்களை இறக்குமதி செய்து பூட்டுவது மட்டும் போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று 1953-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தபோது நாட்டின் கார் சந்தை இப்படிச் சுருங்கிக்கொண்டிருந்தது. 1957-ல் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி அம்பாசடர் பிறந்தது. புதுக் கார் எளிதில் கிடைக்காத காலத்தில், இருப்பதைப் புதுப்பித்துத்தான் ஓட்ட வேண்டும். எஞ்சினை மெக்கானிக் பார்த்துக்கொண்டார், உள்ளலங்காரம் குஷன் கடைக்குப் போனது.

அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது ஓர் அனுபவம். கண்ணாடி ஏற்றும் கைப்பிடியும் கைதாங்கியும் முதலில் கழலும். தட்டையான இரும்பை விளிம்பில் நுழைத்து, கிளிப் இருக்கும் இடமாகப் பார்த்து நெம்ப வேண்டும். அவசரப்பட்டால் ஊறிய ஹார்ட்போர்டு பிட்டுப்போல உதிரும். அடிவிளிம்பு பெரும்பாலும் உப்பியிருக்கும் என்பதால் அதை அப்படியே அச்சாக வைக்க முடியாது. வலக்கதவின் பலகை கெட்டிருந்தால் இடக்கதவினுடையதைக் குப்புறப் போட்டுக் கோடு இழுப்பார்கள். மெல்லிய ஃபோம் ஒட்டி, ரெக்சினை இழுத்து மடித்து, மூலைகளில் சிறு வெட்டுகள் கொடுத்துப் பசை போடுவார்கள். தொழிற்சாலையில் சூட்டில் அழுத்திய வரிகளைத் தையல் இயந்திரத்தில் ஓட்டிக் கொண்டுவருவதில்தான் கைத்திறன் தெரியும்.

பலகை ஏன் ஊறுகிறது? கண்ணாடியோரம் இறங்கும் மழைநீர் கதவுக்குள் புகுந்து, அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேற வேண்டும். துளை அடைத்தால் தண்ணீர் தேங்கும், தகடும் துருப்பிடிக்கும். பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். பலர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வைப்பதில்லை. இவ்வளவு செலவழித்துவிட்டு அந்தத் தாளில் மிச்சம் பிடிப்பது அநியாயம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தெருவில் நின்ற கார்களை மூழ்கடித்தது. அப்படி வெள்ளம் ஏறிவிட்டால் எந்தத் தாளும் காப்பாற்றாது.

பிற்பாடு கேசட் பிளேயர் வந்து, கதவில் ஸ்பீக்கருக்கு வட்டம் வெட்டினார்கள். பவர் விண்டோ வந்தபோது கைப்பிடித் துளைக்கு மூடி போட்டார்கள். 2014-ல் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. 2017-ல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பிரான்சின் பெஜோ குழுமம்தான். இன்று பழைய அம்பாசடரைச் சீரமைப்பவர்களில் சிலர் முதலில் இருந்த நிறத்தையும் வரியையும் அப்படியே கேட்கிறார்கள். அதற்கு உப்பிப்போன பழைய பலகையே ஆதாரம். கைதாங்கிக்கு அடியில் வெயில் படாமல் மறைந்திருந்த துண்டில் அசல் நிறம் இன்னும் மங்காமல் இருக்கும். ரெக்சின் கடைக்கு அதைத்தான் வெட்டி எடுத்துப் போகிறார்கள்.