ஒரு ஜாம் போத்தலின் வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

2022 இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்றது நினைவிருக்கும். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்து மூத்தவர்கள் பெரிதாகப் பதறவில்லை. மூலையில் கிடந்த சைக்கிளைத் துடைத்து எடுத்தார்கள், விறகடுப்பை மெழுகினார்கள். "இதைவிடப் பெரிசெல்லாம் பார்த்திட்டம்" என்றார்கள். அதைக் கேட்டு வந்த பிள்ளைகள் வகுப்பில் கேட்டார்கள்: "ஜாம் போத்தலிலை விளக்கு எரிச்சுப் படிச்சதாம், உண்மையோ சேர்?"

உண்மைதான். ஆனால் அந்தப் போத்தலின் கதையைப் பாதியாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில், போருக்கு முந்திய வீட்டைப் பார்ப்போம். ஒரு பொருளைப் பல வேலைக்குப் பயன்படுத்துவதை நமக்குப் போர் பழக்கவில்லை, பனை பழக்கியது. ஒரு கடகம் வீட்டுக்கு வந்தால் முதலில் நெல்லும் அரிசியும் சுமக்கும். ஓரம் தேய்ந்தால் நாரால் பொத்துவார்கள். பிறகு அது தோட்டத்தில் மரக்கறி சுமக்கும், கடைசியில் எரு அள்ளும். இற்றுப் போனால் மண்ணுக்கே பசளை. வேலி அடைத்த ஓலையும் பழசானதும் தோட்டத்தில் தாழ்க்கப்பட்டது. நீத்துப்பெட்டியில் பிட்டு அவிந்தது, சுளகில் அரிசி புடைத்தது. அதே சுளகில் மிளகாயும் காய்ந்தது. வெறுமையான பால்பேணி அரிசி அளக்கும் சுண்டானது. ஒடியல் கூழுக்குப் பலாவிலையை மடித்தால் கோப்பை, குடித்து முடிந்ததும் அது ஆட்டுக்குத் தீன்.

எங்கள் முஸ்லிம் வீடுகளும் இப்படித்தான். பகலில் பினாட்டும் மிளகாயும் காயப் போட ஒரு பாய், தொழுகைக்கும் படுக்கைக்கும் வேறொரு பாய். ஒரு சஹனைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து சாப்பிட்டால் கழுவ ஒரே பாத்திரம். வாப்பாவின் பழைய சாரம் குழந்தைக்கு ஏணையாகும், கிழிந்தால் அடுப்படியில் பிடிதுணியாகும். வீண்விரயத்தைக் குர்ஆன் கடுமையாகக் கண்டித்திருப்பதால் எங்கள் பெரியவர்களுக்கு இது வெறும் காசுக் கணக்கு அல்ல, மார்க்கக் கடமையும்கூட.

இந்தச் சிக்கனம் ஒரு வீட்டுக்குள் மட்டும் அடங்கியதல்ல, வீடுகளை இணைத்தது. பெட்டியும் கடகமும் பாயும் இழைத்த கைகள் பெரும்பாலும் கிராமத்துத் தமிழ்ப் பெண்களுடையவை. சேர்ட்டின் கொலர் தேய்ந்தால் அதைப் பிரித்து, மறுபக்கம் திருப்பி வைத்துத் தைத்தால் இன்னும் இரண்டு வருடம் ஓடும். அப்படித் திருப்பித் தைத்த தையற்காரர்களில் பலர் சோனகத் தெருப் பக்கத்து முஸ்லிம்கள். பழைய இரும்பை வாங்கி மறுபடி உலையேற வைத்த வியாபாரத்திலும் எங்கள் ஆட்கள் இருந்தார்கள். கடகம் அங்கிருந்து வந்தது, கொலர் இங்கு வந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம் என்று அரசு விதித்த பொருளாதாரத் தடையின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் அளந்து கிடைத்தது, சவுக்காரம் யானை விலை விற்றது. அப்போது பிறந்ததுதான் சிக்கன விளக்கு. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியைக் கம்பியால் நிமிர்த்தி நிறுத்துவார்கள். போத்தலே சிமினியாகிக் காற்றைத் தடுக்கும். சிறிய திரி என்பதால் எண்ணெய் மெதுவாகக் குறையும். அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை சாதாரண தரமும் உயர்தரமும் எழுதியது.

சைக்கிளின் வேலைகளை எண்ணி முடியாது. அது குடும்பத்தின் காராகவும் விறகு லொறியாகவும் நோயாளியைக் கொண்டுபோகும் அம்புலன்சாகவும் ஓடியது. கவிழ்த்து வைத்து மிதித்தால் டைனமோவில் றேடியோ பாடும். ஒருவர் மிதிக்க, அயலே கூடியிருந்து பிபிசி தமிழோசை கேட்டது. மோட்டார் சைக்கிளும் பழைய ஏ-40, மொரிஸ் மைனர் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். தீர்ந்த பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் சிறிது நேரம் பேச வைத்தார்கள்.

உடுப்புத் தோய்க்கப் பனம்பழம். இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் பனங்களியின் கைப்புக்குக் காரணமான சப்போனின் என்ற பொருள் நீரில் நுரைக்கக்கூடியது. அனுபவத்தால் நம் ஆச்சிமார் அறிந்ததை ஆய்வுகூடம் வேறு பெயரில் சொல்கிறது. என்ன, கொடியில் காயும் உடுப்பை வாசம் பிடித்து மாடு சப்பிவிடும்!

இவ்வளவும் நம் ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. இனி வருவதுதான் பலர் சொல்லாமல் விடும் பாதி.

மேலே சொன்ன தடைக்காலத்தின் பெரும்பகுதியில் "நாம்" என்ற சொல்லுக்குள் நாங்கள் இருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அது நடந்தது ஒக்டோபர் 30. கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். கையில் எடுத்துப்போக விட்டது சொற்பக் காசும் கொஞ்ச உடுப்பும்தான். தையல் மெசினும் இரும்புக் கடையும் வளவும் இங்கேயே நின்றன.

புத்தளம், கற்பிட்டிப் பக்கத்துக் கிடுகுக் கொட்டில்களில் அதே பாடம் மறுபடி தொடங்கியது. ஒரு சீலை காலையில் உடுப்பு, மத்தியானம் ஏணை, குளிக்கும்போது மறைப்பு, இரவில் போர்வை. நிவாரணம் வந்த சாக்கு படுக்கையானது, சுவரானது, பிள்ளையின் புத்தகப் பையும் ஆனது. இரவில் எரிந்தது குப்பி விளக்கு. இங்கே ஜாம் போத்தலில் ஒரு பிள்ளை படித்த அதே இரவில், அங்கே குப்பி விளக்கில் இன்னொரு பிள்ளை படித்தது. ஒருவரின் வெளிச்சம் மற்றவருக்குத் தெரியவில்லை.

இந்த விளக்குகளை வெறும் கெட்டித்தனத்தின் அடையாளமாக நினைத்துவிடவும் வேண்டாம். தட்டிவிட்டால் உருண்டு எண்ணெய் சிந்தும் போத்தல் விளக்குகளால் இலங்கை முழுவதும் எத்தனையோ பேர் எரிகாயப்பட்டார்கள். அவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர 1992 இல் பாதுகாப்பான போத்தல் விளக்கு ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். குள்ளமான மார்மைற் போத்தலின் வடிவம் அவருக்கு வழிகாட்டியது. கனமான அடி, உருளாதபடி இரு பக்கமும் தட்டை, எண்ணெய் சிந்தாத திருகு மூடி. 1998 இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஏழையின் விளக்கும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று யோசித்த மனிதர் அவர்.

இன்னொரு ஒக்டோபர் 30 ஐயும் நாம் மறக்க முடியாது. 1995 இல், சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே திகதியில் வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர் நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தார்கள். மழை இரவு. சைக்கிள் கரியரில் அரிசிச் சாக்கு, ஹாண்டிலில் சட்டி பானை, நடுவில் குழந்தை. எதை எடுப்பது, எதை விடுவது என்று 1990 இல் எங்கள் உம்மாமார் நின்று தவித்த வாசலில் அன்று அம்மாமார் நின்றார்கள்.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். சிக்கனம் வேறு, தட்டுப்பாடு வேறு. கடகத்தைப் பொத்தியதும் கொலரைத் திருப்பித் தைத்ததும் நாமாக விரும்பிப் பழகியவை. அதை இன்றும் தொடரலாம். இன்றைய விலைவாசிக்குத் தொடரவும் வேண்டும். ஜாம் போத்தல் விளக்கும் சாக்குப் படுக்கையும் நம்மீது சுமத்தப்பட்டவை. தாங்கிய மனிதர்களை மெச்சுவோம். சுமத்தியதை மெச்ச வேண்டாம். "அந்தக் காலம் நல்லாத்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டால், யார் தடுத்தார்கள், யார் விரட்டினார்கள் என்ற கேள்வி காணாமல் போய்விடும்.

உங்கள் வீட்டிலும் அந்த நாளைய சாமான் ஏதாவது கிடக்கும். ஒரு விளக்கோ, டைனமோவோ, புத்தளத்தில் இருந்து திரும்பி வந்த ஒரு பெட்டியோ. எறியாதீர்கள். உம்மம்மாவையோ அம்மம்மாவையோ பக்கத்தில் இருத்தி, அதை எதற்கெல்லாம் பாவித்தார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரு வீட்டுக் கொப்பிகளையும் பக்கத்துப் பக்கமாக வைத்து வாசிக்கும் நாளில்தான் நம் ஊரின் வரலாறு முழுமையாகும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அந்த விளக்கு தேவைப்படாத காலத்தைத் தருவானாக.