ஹவுரா மிதவைப் பாலம் (1874–1943)

கல்கத்தாவுக்கும் ஹவுராவுக்கும் நடுவே ஹூக்ளி நதியில் 68 ஆண்டுகள் மிதந்து உழைத்த பாலத்தின் காலம் 1943 பிப்ரவரி 3 அன்று முடிந்தது. அதன் இடத்தைப் பிடிக்க வந்த இரும்புப் பாலம் அன்றுதான் திறக்கப்பட்டது. மேளதாளம் இல்லை, சொற்பொழிவு இல்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. முந்தைய டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் கல்கத்தாமேல் குண்டு வீசிவிட்டுப் போயிருந்தன. ஆகவே ஒரே ஒரு டிராம் வண்டியை ஓடவிட்டுத் திறப்பு விழாவைச் சத்தமில்லாமல் முடித்துக்கொண்டார்கள். புதியதற்கே இவ்வளவுதான் மரியாதை என்றால் பழையதை யார் நினைத்திருக்கப் போகிறார்கள்!

ஹவுராவுக்கு ரயில் 1854-லேயே வந்துவிட்டது. வந்து என்ன? நிலையம் மேற்குக் கரையில், ஊர் கிழக்குக் கரையில். ரயிலில் வந்தவர் படகு பிடித்துத்தான் ஊருக்குள் போக வேண்டும். பாலம் கட்ட முடியுமா என்று 1862-ல் ரயில்வே தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் டர்ன்புல்லிடம் கேட்டார்கள். அடியில் ஆழம் ஆழமாகச் சேறு, அஸ்திவாரச் செலவு கட்டுப்படியாகாது, மேலே பல்தா பக்கம் போய்க் கட்டுங்கள் என்று அவர் கையை விரித்துவிட்டார். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வந்த பொறியாளர் பிராட்ஃபோர்டு லெஸ்லி, அஸ்திவாரமே வேண்டாம் என்று முடிவெடுத்தார். உள்ளீடற்ற மிதவைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் பாதை போட்டார். பாகங்கள் இங்கிலாந்தில் தயாராகிக் கப்பலில் வந்தன. நீளம் 1,528 அடி, அகலம் 62 அடி, நடப்பவர்களுக்கு இருபுறமும் 7 அடி நடைபாதை.

பிறக்கும் முன்பே அதற்கு ஒரு கண்டம் இருந்தது. 1874 மார்ச் 20 அன்று அடித்த புயலில் ‘இஜீரியா’ என்ற நீராவிக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு வந்து மோதியது. மூன்று மிதவைகள் மூழ்கின. ஏறக்குறைய 200 அடிப் பாலம் நாசம். சரிசெய்து, அக்டோபர் 17 அன்று போக்குவரத்துக்கு விட்டார்கள். ஆன செலவு 22 லட்சம் ரூபாய்.

தூண்மேல் நிற்கும் பாலத்துக்கு ஆற்றில் தண்ணீர் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன! இது அப்படியல்ல. ஹூக்ளியில் கடலின் ஏற்றவற்றம் கல்கத்தாவைத் தாண்டியும் தெரியும். நீர் ஏறும்போது பாலமும் ஏறும், வற்றும்போது கூடவே இறங்கும். கரையோடு அதை இணைக்கும் சரிவு வேளைக்கு வேளை மாறும். நீர் வற்றிய நேரத்தில் பாரவண்டி இழுத்துக் கரையேறிய மாடுகளின் பாட்டை எந்த அறிக்கையும் எழுதவில்லை. ஆனால் மாட்டுவண்டிகளை எண்ணியிருக்கிறார்கள்: 1906 ஆகஸ்ட் 27 அன்று பாலத்தில் போன வண்டிகளில் பதின்மூன்றில் எட்டுப் பங்கு மாட்டுவண்டிகளே.

கப்பல் வந்தால் நடுப்பகுதியைக் கழற்றி ஒதுக்கி வழிவிடுவார்கள். அதுவரை இரு கரையிலும் வண்டிகள் தேங்கி நிற்கும். 1906 வரை இந்தத் திறப்பு பகலில் மட்டுமே, அதாவது ஊர் பரபரப்பாக இருக்கும் நேரத்தில். பிறகு மற்றக் கலங்களுக்கு இரவிலும் திறந்தார்கள். கடல்கடந்து வரும் பெரிய நீராவிக் கப்பல்களுக்கு மட்டும் பகல். அந்தக் காத்திருப்பை இன்று அழகாக எழுதலாம். எனக்கு அதில் மயக்கம் இல்லை. கூலிக்கு வண்டி ஓட்டியவனுக்கு நின்ற நேரமெல்லாம் நட்டம். இருந்தாலும் ஒன்றை மதிக்கிறேன். நதியில் போகிறவனுக்கும் பாதை உண்டு, ஊர் சற்று நிற்கட்டும் என்று ஒப்புக்கொண்ட பாலம் அது.

அது கிழடு தட்டிவிட்டது என்று 1906-ல் ஒரு குழு உட்கார்ந்தது. சுரங்கம், தூண்பாலம், வளைவுப் பாலம், பெரிய படகுகள் என்று எல்லாவற்றையும் அலசிவிட்டுக் கடைசியில் தேர்ந்தெடுத்தது என்ன தெரியுமா? இன்னொரு மிதவைப் பாலம்! மாற்ற வந்தவர்களே கொடுத்த இந்த நற்சான்றிதழைவிடப் பெரிய புகழுரை அதற்கு வேண்டியதில்லை. பிறகு முதல் உலகப் போர் வந்து வேலை நின்றது. இடையிடையே பழுது பார்த்துப் பழையதையே ஓட்டினார்கள். 1921-ல் ஆர். என். முகர்ஜி தலைமையில் அமைந்த குழுவுக்குப் பிறகுதான் பேச்சு மிதவையை விட்டு விலகியது. 1926-ல் புதிய பாலத்துக்குச் சட்டம் வந்தது.

வந்த வாரிசு குறைந்தது அல்ல. 26,500 டன் எஃகு, அதில் 23,000 டன் டாடா கொடுத்தது. நடுவில் 1,500 அடிக்கு ஆற்றில் தூணே கிடையாது. கப்பல் கீழே போகும், வண்டி மேலே போகும், யாருக்காகவும் யாரும் நிற்க வேண்டாம். ஆனால் ஆற்றுக்குள் காலை ஊன்றாமலே அதைக் கடக்கலாம் என்று அந்த இடத்தில் முதலில் செய்துகாட்டியது பழைய மிதவைதான். புதிய பாலத்தின் கோபுர உயரத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

லெஸ்லியின் பாலத்தில் இன்று மிஞ்சியது பெயர் ஒன்றுதான். 1965-ல் புதிய பாலத்துக்கு ரவீந்திரநாத் தாகூர் நினைவாக ‘ரவீந்திர சேது’ என்று அரசு பெயர் சூட்டியது. ஊர் ஜனங்கள் இன்றும் அதை ஹவுரா பாலம் என்றே சொல்கிறார்கள்.